அசார்ட்டிங் ரூமின் இருபத்துநாலு விளக்குகள்

பெட்டியில் பதினேழு விளக்குகள் இருந்தன. பதினேழும் செத்துப்போனவை. மேல்விஷாரத்திலிருந்து ஆட்டோவில் வந்து இறங்கிய அந்த அட்டைப்பெட்டியின் மேல் யாரோ மார்க்கரால் 'வேஸ்ட்' என்று கொட்டை எழுத்தில் எழுதியிருந்தார்கள். சோபனாவுக்கு அந்த ஒரு வார்த்தைதான் நெஞ்சில் தைத்தது. ரிப்பேர் என்று எழுதியிருக்கலாம், ரிட்டர்ன் என்று எழுதியிருக்கலாம். வேஸ்ட்டாம்!

ராணிப்பேட்டை சிப்காட்டுக்குப் பின்பக்கம், லேத் பட்டறைக்கும் டயர் கடைக்கும் நடுவில் இருந்தது அவர்களுடைய சி.எஃப்.எல். கம்பெனி. கம்பெனி என்று சொன்னால் முதலாளி சூரியபிரகாஷுக்குப் பிடிக்கும். பார்க்கிறவர்கள் பட்டறை என்பார்கள். மோட்டாருக்குக் காயில் கட்டும் கடை வைத்திருந்த மனிதர். ஊரெல்லாம் குண்டு பல்பைக் கழற்றிவிட்டு சி.எஃப்.எல். மாட்ட ஆரம்பித்த நேரத்தில் துணிந்து இதில் இறங்கினார். கண்ணாடி டியூப் ஆந்திராவிலிருந்து வரும், மூடி சென்னையிலிருந்து வரும். உள்ளே இருக்கிற எலெக்ட்ரானிக் போர்டு மட்டும் இங்கேயே பிறக்கும். அதைப் பெற்றவள் சோபனா.

நாட்றம்பள்ளிக்காரி. பாலிடெக்னிக் டிப்ளமோ முடித்து, சோல்டரிங் வேலைக்கு வந்து, ஒன்பது வருஷத்தில் 'டிசைன்' என்று கதவில் எழுதிய ஒரே அறைக்குச் சொந்தக்காரியானவள். அந்த அறையில் ஃபேன் கிடையாது. அது வேறு கதை. முதலில் அவர்களும் சீனாவிலிருந்து வரும் போர்டைத்தான் வாங்கி மாட்டினார்கள். மூன்று மாதத்தில் பொட்டுப் பொட்டென்று போயின. இங்கே வருகிற கரண்ட்டின் லட்சணம் அங்கே உட்கார்ந்து வரைந்தவனுக்கு எப்படித் தெரியும்? சாயந்திரம் நூற்றைம்பது வோல்ட் வரும், ஊர் அடங்கினால் இருநூற்றெழுபதுக்குத் தாவும், நடுவில் இரண்டு மணி நேரம் ஆளையே காணோம். சோபனா பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, "நானே வரையறேன் சார்" என்றாள்.

சொல்வது சுலபம். சி.எஃப்.எல்.லின் கழுத்துக்குள் ஒரு எலுமிச்சம்பழம் உட்காரும், அவ்வளவுதான் இடம். வீட்டுக் கரண்ட்டை வாங்கி, நொடிக்கு நாற்பதாயிரம் தடவை ஆட்டி டியூபுக்கு அனுப்புகிற சாமான்கள் அத்தனையும் அதற்குள் அடங்க வேண்டும். நம் ஊரில் பல்பைத் தலைகீழாகத்தான் தொங்கவிடுவோம். டியூபின் சூடு நேரே மேலே ஏறிப் போர்டைத்தான் வேகவைக்கும். சூட்டுக்கு முதலில் சாகிற சாமானைத் தேடிப்பிடித்து, மூடியின் உச்சியில், இருக்கிறதிலேயே குளிர்ந்த மூலையில் நிற்க வைத்தாள் சோபனா. கம்பிச் சுருளைத் திருப்பினாள், கோடுகளை மாற்றினாள், பதினோரு தடவை அழித்து வரைந்தாள். பன்னிரண்டாவது போர்டில் விளக்கு எரிந்தது. எரிந்துகொண்டே இருந்தது. சூரியபிரகாஷ் அதைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடாத குறை.

அந்தப் போர்டை நம்பித்தான் மேல்விஷாரம் அப்துல் வஹாப் பாயின் தோல் பதனிடும் டேனரிக்கு எண்பது விளக்கு கொடுத்தார்கள். அவர் வாங்கினால் விஷாரம் பூராவும் வாங்கும், அங்கிருந்து ஆம்பூர் வரைக்கும் பேச்சுப் போகும். இப்போது ஐந்து வாரத்தில் பெட்டி திரும்பி வந்து நிற்கிறது.

சூரியபிரகாஷ் சத்தம் போடவில்லை. அதுதான் பயமாக இருந்தது. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"இதோ பாரும்மா சோபனா. பங்குனி வரைக்கும் பாக்கறேன். அந்த டேனரியில நம்ம லைட் நின்னுச்சுன்னா சரி. இல்லன்னா ரெடிமேடா முழு லைட்டாவே வெளிநாட்ல இருந்து எறக்கிடுவோம். டப்பா போட்டு, ஸ்டிக்கர் ஒட்டி வித்துட்டுப் போய்டலாம். போர்டு லைன் வேணாம். எனக்கும் வயசாவுது, இந்தப் பேஜார் தாங்காது."

"லைன்ல இருக்கற ஒன்பது பேரு சார்?"

"டப்பா போட ஆளு வேணும்ல?"

கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் ஒன்பது பெண்கள் குனிந்து சோல்டர் வைத்துக்கொண்டிருந்தார்கள். மயிரிழை தவறாமல் புள்ளி வைக்கிற கைகள். அந்தக் கைகள் ஸ்டிக்கர் ஒட்டுமாம். சோபனா பெட்டியைத் தூக்கிக்கொண்டு தன் அறைக்குப் போனாள். கோபம் வந்தால் அவள் கை தானாக ஸ்க்ரூடிரைவரைத் தேடும்.

பதினேழையும் பிளந்து பார்த்தாள். அங்கேதான் முதல் ஆச்சரியம். போர்டுக்கு ஒன்றுமே ஆகவில்லை. புது டியூபை மாட்டினால் பளிச்சென்று எரிந்தது. செத்தது டியூப்தான், இரண்டு முனையும் மை பூசிய மாதிரி கறுத்துக் கிடந்தன.

இரண்டாவது ஆச்சரியத்தை பில்கிஸ் சொன்னாள். பில்கிஸ் லைனில் வேலை செய்கிறவள், வீடு மேல்விஷாரம், அவள் தம்பி வஹாப் பாயின் டேனரியில்தான் இருக்கிறான்.

"அக்கா, டிரம் யார்டுல ஒரு லைட்டு கூடப் போவலியாம். அந்த நாத்தத்துலயும் ஈரத்துலயும் ஜம்முனு எரியுதாம். மாடியில அசார்ட்டிங் ரூம்ல இருக்கற இருபத்திநாலுல தான் பதினேழு அவுட்டு."

சோபனாவுக்கு நம்ப முடியவில்லை. டிரம் யார்டு என்பது தோலை ஊறவைத்துப் புரட்டுகிற இடம். இரும்பே அங்கே இரண்டு வருஷம் தாங்காது. அசார்ட்டிங் ரூமோ, முடிந்த தோலைத் தரம் பிரிக்கிற இடம். டேனரியிலேயே காய்ந்த, சுத்தமான, காற்றோட்டமான அறை அதுதான். சாக வேண்டிய இடத்தில் பிழைத்து, பிழைக்க வேண்டிய இடத்தில் செத்திருக்கின்றன. மறுநாள் காலையிலேயே ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு பாலாற்றுப் பாலத்தைத் தாண்டிப் போனாள்.

அசார்ட்டிங் ரூமுக்கு முஸம்மில்தான் ராஜா. அப்படித்தான் சொல்ல வேண்டும். நாற்பதைத் தொடாத வயது, சலவைச் சட்டை, கையில் ஒரு கறை இருக்காது. தோலைப் பார்த்து இது இந்த ஷேடு, இது அந்த ஷேடு என்று பிரிக்கிற அசார்ட்டர். பதினாறு வருஷத்தில் ஒரு லாட் தோல் கூடத் தப்பியதில்லை என்று டேனரி பூராவும் சொல்லும். யாரும் சொல்லாவிட்டால் அவரே சொல்லிவிடுவார். அந்த ஊரில் அசார்ட்டருக்குக் கண்தான் சொத்து. ஒரு தடவை தப்பினால், அடுத்த டேனரிக்கு அவர் போய்ச் சேருவதற்கு முன்னால் அந்தச் சேதி போய்ச் சேர்ந்துவிடும்.

"வாங்க மேடம். உங்க லைட்டுக்குக் கருமாதி பண்ண வந்தீங்களா?" என்றார்.

சோபனா பல்லைக் கடித்துக்கொண்டு ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தாள். "நீங்க வேலையப் பாருங்க பாய். நான் சும்மா பாக்கறேன்."

வேலை நடந்தது. இரண்டு ஆட்கள் ஒரு டஜன் ஆட்டுத் தோலை மேஜையில் விரிப்பார்கள். முஸம்மில் சுவரில் இருக்கும் பெரிய சுவிட்சைத் தட்டுவார், இருபத்துநாலு விளக்கும் எரியும். முள் கீறல், உண்ணி கடித்த தழும்பு, நரம்பு தெரிகிற இடம் என்று குறை பார்ப்பார். பார்த்து முடித்ததும் சுவிட்சை அணைப்பார். வடக்குப் பக்கம் வரிசையாக ஜன்னல். அந்த வெளிச்சத்தில் ஒவ்வொன்றாகத் தூக்கிப் பிடித்து ஷேடு பிரிப்பார். அந்த டஜன் போகும், அடுத்த டஜன் வரும். திரும்பவும் சுவிட்ச். சோபனா கையிலிருந்த அட்டையில் பென்சிலால் கோடு போட ஆரம்பித்தாள். மதியச் சாப்பாட்டுக்கு மணி அடித்தபோது அறுபத்தொரு கோடு. சாயந்திரம் நூற்றிருபத்தேழு.

ஒரு நாளைக்கு நூற்றிருபத்தேழு தடவை! வீட்டில் ஒரு விளக்கை ஒரு மாதத்தில் போட்டு அணைப்பதை விட இது அதிகம். ஒவ்வொரு தடவை பற்றும்போதும் டியூபின் முனையில் இருக்கும் இழையிலிருந்து கொஞ்சம் பூச்சு சிதறும். ஐந்து வாரத்தில் நாலாயிரம் தடவை பக்கம் தட்டியிருக்கிறார் மனிதர். டிரம் யார்டில் காலையில் போட்ட விளக்கை யாரும் தொடுவதே இல்லை. அதனால்தான் அது ஜம்மென்று எரிகிறது.

"எதுக்கு பாய் இப்படிப் போட்டுப் போட்டு அணைக்கறீங்க? எரிஞ்சுட்டே இருக்கட்டுமே. ஜன்னல் வெளிச்சத்தோட அதுவும் இருந்தா இன்னும் நல்லாத்தான தெரியும்?"

முஸம்மில் அவளைப் பரிதாபமாகப் பார்த்தார். இரண்டு தோலை எடுத்து, சுவிட்சைப் போட்டு, மேஜையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்.

"இப்ப ரெண்டும் இன்னா கலரு?"

"டான் கலர், இளம் பழுப்பு. ரெண்டும் ஒண்ணுதான்."

விளக்கை அணைத்தார். ஜன்னலோரம் கொண்டுபோய்ப் பிடித்தார். சோபனா கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு பார்த்தாள். முதலில் ஒன்றும் தெரியவில்லை. ரொம்ப நேரம் கழித்து, இடது கையில் இருந்த தோலில் லேசாகச் சிவப்பு ஏறியிருப்பது போலிருந்தது.

"இத அதோட சேத்து அனுப்புனேன்னு வெச்சுக்கங்க. ஆம்பூர்ல ஷூ தைப்பான். எடது கால் ஒரு கலரு, வலது கால் ஒரு கலரு. எவன் வாங்குவான்? உங்க லைட்ல ரெண்டும் ஒண்ணு. ஜன்னல்ல ரெண்டும் வேற." தோலை மேஜையில் போட்டார். "உங்க லைட்டு பொய் சொல்லுது மேடம். பொய் சொல்றத எரிய வுட்டு நான் இன்னாத்த பாக்கறது?"

திரும்பும் வழியெல்லாம் பொய் என்ற அந்த வார்த்தை அவளோடு வந்தது. வேஸ்ட் என்றதைக் கூடப் பொறுத்துக்கொண்டிருப்பாள்.

அடுத்த நாள் சூரியபிரகாஷிடம் போய் நின்றாள். ஒரு உண்மையை அவள் சொல்லியாக வேண்டியிருந்தது. இழையை முதலில் ஒரு நொடி சூடாக்கிவிட்டு அப்புறம் விளக்கைப் பற்றவைத்தால் பூச்சு இப்படிச் சிதறாது. அதற்கென்று பட்டாணி அளவில் ஒரு சாமான் உண்டு; லைனில் அதை மணி என்பார்கள். அவளுடைய போர்டில் அந்த மணி இல்லை. கழுத்தில் இடம் போதவில்லை என்று எடுத்துவிட்டாள். எடுத்ததில் பெருமை வேறு: தட்டினால் படக்கென்று எரிகிறது என்று விளக்கு டப்பாவிலேயே அச்சடித்திருந்தார்கள்.

"தப்பு என்னுது சார். இடமும் மிச்சம், எரியறதும் சீக்கிரம்னு எடுத்துட்டேன்."

சூரியபிரகாஷ் நெற்றியைத் தேய்த்தார். "வச்சுட முடியுமா?"

"வச்சுடுவேன்."

வைத்தாள். ஒரு வாரம் பிடித்தது. கம்பிச் சுருளைச் சாய்த்து, இரண்டு சாமானை ஒன்றின் மேல் ஒன்றாக ஏற்றி, மணிக்கு இடம் பண்ணினாள். புதிதாக இருபத்துநாலு விளக்கு மேல்விஷாரம் போயிற்று. சோபனா நிம்மதியாக ஒரு ஞாயிற்றுக்கிழமை நாட்றம்பள்ளி போய் வந்தாள். திங்கட்கிழமை பில்கிஸ் சிரிப்பை அடக்க முடியாமல் வந்து நின்றாள்.

"அக்கா, கோவிச்சுக்காதீங்க. விஷாரத்துல உங்க லைட்டுக்குப் பேரு வெச்சிட்டாங்க. யோசனை லைட்டாம்."

"யோசனை லைட்டா?"

"சுவிட்ச போட்டா, எரியலாமா வேணாமான்னு யோசிச்சுட்டு அப்புறம் எரியுதாம்."

மணி இழையைச் சூடாக்குகிற அந்த ஒரு நொடி! முஸம்மிலுக்கு அந்த நொடி பொறுக்கவில்லை. எரியவில்லை என்று நினைத்துத் திரும்பவும் தட்டியிருக்கிறார். மணியின் குணம் விசித்திரமானது. அது ஆறியிருந்தால்தான் வேலை செய்யும். சூடாக இருக்கும்போது தட்டினால் சும்மா வேடிக்கை பார்க்கும், விளக்கு பழையபடி இழையைச் சிதைத்துக்கொண்டுதான் பற்றும். பாதுகாக்க வைத்த மணியினாலேயே இரண்டு மடங்கு அடி. சோபனாவுக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. சிரித்துத் தொலைத்தாள்.

சிரித்து முடித்தபோது ஒன்று புரிந்தது. முஸம்மிலின் கையை அவள் மாற்ற முடியாது. அந்தக் கை சுவிட்சுக்குப் போகிறதே, அதற்குக் காரணம் கையில் இல்லை, வெளிச்சத்தில் இருக்கிறது. தோலின் நிறத்தை உள்ளது உள்ளபடி காட்டுகிற விளக்கு ஒன்று இருந்தால் மனிதர் எதற்காக அணைக்கப்போகிறார்? விளக்கைச் சாகாமல் காப்பாற்றவே இத்தனை நாள் பாடுபட்டாள். விளக்கு எதற்காக எரிகிறது என்று கேட்கவே இல்லை.

டியூபின் உள்சுவரில் பூசியிருக்கிற பவுடர்தான் வெளிச்சத்தின் நிறத்தைத் தீர்மானிக்கிறது. அவர்கள் வாங்கிய டியூபில் மூன்று பவுடர். கண்ணுக்கு வெள்ளையாகத்தான் இருக்கும். ஆனால் ஆழ்ந்த சிவப்பு அதில் குறைவு. சிவப்பு ஏறிய டானும் வெறும் டானும் அதன் கீழே ஒன்றாகத்தான் தெரியும். ஆந்திரா டியூப் கம்பெனிக்கு போன் போட்டாள். பட்டுப்புடவைக் கடைகளுக்கென்று ஐந்து பவுடர் பூசி ஒரு டியூப் செய்கிறோம், ஆனால் வெளிச்சத்தில் கால்வாசி கம்மியாகும் என்றார்கள். கம்மியாவதை ஈடுகட்ட பதினெட்டு வாட்டை இருபத்துமூன்றாக்க வேண்டும்.

கரண்ட்டை மிச்சம் பிடிக்கிற விளக்குக்கு ஐந்து வாட் ஜாஸ்தி. சூரியபிரகாஷ் கையைப் பிசைந்தார்.

"இதுக்குப் பேரு சேமிப்பாம்மா?"

"குண்டு பல்பு நூறு வாட்டு சார். அதோட பாத்தா சேமிப்புதான். அப்புறம், தினம் நூத்தம்பது ஷூ ஜோடி கலர் மாறாம இருந்தா அது இன்னா, வேஸ்ட்டா?"

ஐந்து வாட் ஜாஸ்தி என்றால் கழுத்துக்குள் சூடும் ஜாஸ்தி. கழுத்தைச் சுற்றி மெல்லிய கீற்றுகளாக வெட்டி, காற்றுப் போக வழி செய்தாள். டிரம் யார்டில் அப்படிச் செய்தால் காற்றோடு ஈரமும் புகுந்து போர்டைத் தின்றுவிடும். காய்ந்த அசார்ட்டிங் ரூமுக்கு அது பொருந்தும். ஒரே விளக்கு எல்லா இடத்துக்கும் என்ற பிடிவாதத்தை அன்றைக்குத்தான் விட்டாள். மணியும் இருந்தது. லைனில் ஒன்பது பேரும் இரண்டு நாள் வேறு வேலை பார்க்காமல் இருபத்துநாலையும் செய்து கொடுத்தார்கள். பில்கிஸ் ஒவ்வொன்றையும் துணியால் துடைத்துப் பெட்டியில் வைத்தாள்.

பங்குனி பாதி ஆகியிருந்தது. அப்துல் வஹாப் பாய் நேரடியாகப் பேசுகிற மனிதர். டேனரி முற்றத்தில் நின்றுகொண்டே சொல்லிவிட்டார்.

"மூணாவது தடவ வந்திருக்கீங்க. நாலாவது தடவ கெடையாது. மூணு ஷேடு, மூணு லாட்ல இருந்து அறுபது தோல் எடுத்துக் கலந்து வெச்சிருக்கேன். பின்பக்கம் எந்த லாட்டுன்னு நானே ஊசியால குத்தி அடையாளம் போட்ருக்கேன். ஜன்னலெல்லாம் தார்ப்பாய் கட்டியாச்சு. முஸம்மில் உங்க லைட்ல மட்டும் பாத்துப் பிரிக்கட்டும். அப்புறம் வெயில்ல கொண்டாந்து பாப்போம். சரியா இருந்தா எடுத்துக்கறேன். இல்லன்னா மத்த லைட்டயும் சேத்துக் கழட்டிடுங்க."

சூரியபிரகாஷ் தலையாட்டினார். அவர் முகத்தில் ஈயாடவில்லை. இந்த அறுபது தோலில்தான் சோபனாவின் போர்டும் லைனும் இருந்தன.

முஸம்மில் மாடிக்குப் போனார். கூடவே இரண்டு ஆட்கள். முக்கால் மணி நேரம் கழித்து மூன்று குவியலாகத் தோல்கள் இறங்கி வந்தன. டேனரியில் பாதி வேலை நின்றுபோய், எல்லோரும் முற்றத்தில் கூடியிருந்தார்கள். பதினோரு மணி வெயிலில் கயிற்றுக் கட்டிலின் மேல் ஒவ்வொன்றாக விரித்தார்கள். வஹாப் பாய் புரட்டிப் புரட்டி அடையாளம் பார்த்தார்.

முதல் குவியல் இருபதும் சரி. மூன்றாவதில் பதினேழு, அத்தனையும் சரி. இரண்டாவதில் இருபத்துமூன்று தோல் இருந்தது. வஹாப் பாய் அதிலிருந்து மூன்றைத் தனியே எடுத்துப் போட்டார். சிவப்பு ஏறிய டான், வெறும் டானோடு கலந்து கிடந்தது.

"மூணு," என்றார். "அறுபதுல மூணுன்னா, ஒரு நாளைக்கு ஆயிரத்தி ஐந்நூறுல எழுபத்தி அஞ்சு. எனக்கு ஆவாது."

சூரியபிரகாஷ் சோபனா பக்கம் திரும்பவே இல்லை. கார் சாவியைத் தேடுவது போலச் சட்டைப்பையைத் தடவினார்.

"பாய், ஒரு நிமிஷம்." சோபனாவின் குரல் அவளுக்கே உரத்துக் கேட்டது. "அந்த மூணையும், கூட ரெண்டு சரியான தோலையும் திரும்ப உள்ள எடுத்துட்டுப் போய் லைட்டுக்குக் கீழ வெச்சுப் பாக்கச் சொல்லுங்க. அங்க வித்தியாசம் தெரியலன்னா தப்பு லைட் மேல. இப்பவே எல்லாத்தையும் கழட்டிட்டுப் போய்டறோம். தெரிஞ்சுச்சுன்னா..."

மீதியை அவள் சொல்லவில்லை. சொல்லவும் வேண்டியிருக்கவில்லை. தெரிந்தால் தப்பு கண் மேல். முற்றத்தில் இருந்த எல்லோரும் ஒரே நேரத்தில் முஸம்மிலைப் பார்த்தார்கள்.

அவர் முகம் இறுகியது. ஐந்து தோலையும் தோளில் போட்டுக்கொண்டு படியேறினார்.

அப்போதுதான் சோபனாவுக்குத் தான் செய்த காரியம் உறைத்தது. அந்த மெல்லிய வித்தியாசத்தை விளக்கின் கீழே உறுதியாகச் சொல்லக்கூடிய கண் இந்த டேனரியில் ஒன்றுதான் இருக்கிறது. அது முஸம்மிலின் கண். பட்டறையில் அவளே நூறு தடவை வைத்துப் பார்த்திருக்கிறாள். தெரிவது போலவும் இருக்கும், தெரியாதது போலவும் இருக்கும். வஹாப் பாய்க்கும் வயதாகிவிட்டது, புரை விழுந்த கண். உள்ளே போன மனிதர் வெளியே வந்து "தெரியல மொதலாளி" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அவருடைய பதினாறு வருஷப் பேர் பிழைக்கும், அவளுடைய போர்டு குப்பைக்குப் போகும், யாராலும் இல்லை என்று சொல்ல முடியாது. தன்னைப் பார்த்து முதல் நாளே கருமாதி என்றவர் கையில், இத்தனை வருஷ உழைப்பைக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டாள்.

கொடுத்தாயிற்று. அழக் கூடாது என்று மட்டும் முடிவு செய்துகொண்டு படிக்கட்டைப் பார்த்தபடி நின்றாள். உள்ளே சுவிட்ச் போடுகிற சத்தம் ஒரு தடவை கேட்டது. அப்புறம் ரொம்ப நேரம் ஒன்றும் கேட்கவில்லை.

முஸம்மில் இறங்கி வந்தார். மூன்று தோலையும் கட்டிலின் மேல், சரியான குவியலின் பக்கத்தில் வைத்தார். சலவைச் சட்டை வியர்வையில் நனைந்திருந்தது.

"தெரியுது மொதலாளி."

"இன்னா தெரியுது?"

"சிவப்பு தெரியுது. மூணுலயும். லைட்டுக்குக் கீழயே நல்லாத் தெரியுது. நான்தான் பாக்கல."

வஹாப் பாய் கண்ணாடியைக் கழற்றினார். "உனக்கா தப்புச்சு? நல்லாப் பாத்தியா?"

"மூணு தடவ பாத்தேன். பிரிக்கும்போது எம் புத்தி தோல் மேல இல்ல. இந்த லைட்டு எந்த எடத்துல பொய் சொல்லி மாட்டும்னு மேல மேல பாத்துட்டே இருந்தேன். மாட்டுனது நானு." யாரையும் பார்க்காமல் சொன்னவர், கடைசியில் நிமிர்ந்தார். "லைட்டுல ஒண்ணும் தப்பில்ல. லைட்ட அணைக்காமயே நான் ஷேடு பிரிப்பேன். எழுதிக் குடுக்கணும்னாலும் குடுக்கறேன்."

கூட்டத்தில் யாரோ உச்சுக் கொட்டினார்கள். அந்தச் சேதி மத்தியானத்துக்குள் ஊர் பூராவும் போய்விடும் என்பது எல்லோருக்கும் தெரியும். முஸம்மிலுக்கும் தெரியும். வஹாப் பாய் முஸம்மிலின் தோளில் கையை வைத்து, "வேலைக்குப் போப்பா" என்றார். அந்தக் குரலில் கோபம் இல்லை, மரியாதை இருந்தது. சூரியபிரகாஷிடம் திரும்பி, "ஆம்பூர் யூனிட்டுக்கும் இதே லைட்டுதான் வேணும். அசார்ட்டிங்குக்கு இது, யார்டுக்குப் பழசு. எப்பக் குடுப்பீங்க?" என்றார்.

"லைன் நிக்காம ஓடுனா மாசக் கடைசிக்குள்ள, பாய்," என்றார் சூரியபிரகாஷ். லைன் என்று அவர் வாயிலிருந்து வந்ததும் சோபனாவுக்குக் கால் தரையில் பாவியது. வாசலுக்குப் போய் பில்கிஸுக்கு போன் போட்டாள். "போர்டு லைன் இருக்குதுடீ" என்றாள். அந்தப் பக்கம் ஒன்பது பேர் போட்ட கூச்சலில் போனைக் காதிலிருந்து தள்ளிப் பிடிக்க வேண்டியதாயிற்று. இந்தத் தோல் ஊர்களின் புழுக்கத்துக்கும் கரண்ட்டுக்கும் கண்ணுக்கும் ஏற்ற விளக்கு, ஃபேன் இல்லாத ஒரு அறையில் தான் வரைந்தது. அவளுக்கு நெஞ்சு நிமிர்ந்தது. அதை அவள் மறைத்துக்கொள்ளவும் இல்லை.

போவதற்கு முன்னால் படியோரம் முஸம்மில் எதிரில் வந்தார். சோபனா கேட்டாள்.

"ஏன் பாய் சொன்னீங்க? தெரியலன்னு சொல்லியிருந்தா ஒருத்தருக்கும் தெரிஞ்சிருக்காதே."

முஸம்மில் அவளை விநோதமாகப் பார்த்தார். இவ்வளவு படித்தவளுக்கு இது கூடவா விளங்கவில்லை என்பது போலிருந்தது அந்தப் பார்வை.

"எனக்குத் தெரிஞ்சிருக்குமே மேடம்," என்றார்.

சொல்லிவிட்டு வேலைக்குப் போய்விட்டார். இப்படி ஒரு மனிதர் நின்று வேலை பார்க்கத் தன் விளக்கு தகுந்ததாக அமைந்ததே என்று சோபனாவுக்கு அன்றைக்கு முழுவதும் பெருமையாக இருந்தது.